கொதிகலனுக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள்

கேள்வி: கல்குடாவில் 16 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். லண்டனில் இருக்கும் என் தம்பி 30 கிலோவாற்று கண்டென்சிங் பொயிலர் (காஸில் எரியும் கொதிகலன்) ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தான். 500 லீற்றர் சுடுநீர்த் தாங்கியோடு அதைப் பூட்டியிருக்கிறோம். தாங்கியிலிருந்து எல்லா அறைகளையும் சுற்றிவரும் 32 மில்லிமீற்றர் பீ.பீ.ஆர். பிளாஸ்ரிக் குழாய், போக வர 120 மீற்றர், வெளிச்சுவரோடு ஓடுகிறது. காஸ் செலவு குறையும் என்று தம்பி சொன்னான். ஆனால் அறைகள் நிறைந்த நாட்களில் 37.5 கிலோ சிலிண்டர் நாலு நாள்தான் வருகிறது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும் என்றான், அதுவும் இல்லை. இரவில் ஒருவரும் குளிக்காத நேரத்திலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மூண்டு அணைகிறது. கரன்ட் போய் ஜெனரேற்றர் ஓடினால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. கழிவுநீர் விழும் சீமெந்துக் கான் அரித்துப்போய்விட்டது. திரையில் போகும் தண்ணீர் 80 பாகை, திரும்பி வரும் தண்ணீர் 68 பாகை என்று காட்டுகிறது. காஸை எங்கள் பிளம்பர் சுவாலையின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்தார். பொயிலர் இருப்பது நீச்சல் தடாகத்தின் பம் அறையில். கழற்றிவிட்டு சோலருக்குப் போகட்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம். உங்கள் தம்பி சொன்னது பொய்யும் இல்லை. அவர் சொன்ன சேமிப்பைப் பொயிலர் தரமுடியாதபடி அதைச் சுற்றியுள்ள வேலை அமைந்திருக்கிறது. அதற்கு மேல், உங்கள் காஸில் பெரும்பங்கைத் தின்பது பொயிலரே அல்ல. அவற்றுக்குப் போகமுன், உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரியை முதலில் எடுக்கவேண்டும். அது காசுக்கணக்கு அல்ல, உயிர்க்கணக்கு.

சுவாலையின் நிறத்தைப் பார்த்து இந்தவகைப் பொயிலரைச் சரிசெய்ய முடியாது. பழைய அடுப்பிலும் கீசரிலும் நீல நிறம் ஓரளவு வழிகாட்டும். இதில் காற்றும் காஸும் விசிறியில் முன்கூட்டியே கலந்து, மூடிய அறைக்குள் எரிகின்றன. கண்ணாடித் துவாரத்தால் தெரியும் சுவாலை நல்ல நீலமாக இருக்கும்போதே காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு ஆபத்தான அளவில் போய்க்கொண்டிருக்கலாம். பொயிலரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஜி20 என்றிருந்தால் அது இயற்கை வாயுவுக்குச் செய்தது. லண்டனில் வீட்டுக்கு வீடு குழாயில் வருவது அதுதான். நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி. காஸ். புரொப்பேனுக்கு ஜி31, பியூட்டேனுக்கு ஜி30 என்று தகட்டில் குறிப்பார்கள். ஜி20 பொயிலருக்கு எல்.பி. காஸைக் கொடுப்பதானால் தயாரித்த நிறுவனத்தின் மாற்றுத்தொகுதியைப் போட்டு, உள்ளே உள்ள காஸ் துளையை மாற்றி, புகைப் பகுப்பாய்வுக் கருவியை வைத்துக் காற்றுக் கலவையைத் திருத்தவேண்டும். அந்த மாதிரிக்கு மாற்றுத்தொகுதியே கிடையாது என்றால் அந்தப் பொயிலர் உங்களுக்கு உதவாது. அதைத் தம்பியிடம் மாதிரி இலக்கம் கொடுத்து இன்றைக்கே கேளுங்கள். அதுவரை அறையில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பூட்டுங்கள். பொயிலர் அறைச் சுவருக்கு அப்பால் விருந்தினர் படுக்கும் அறை இருந்தால், கருவி கொண்டு அளக்கும்வரை பொயிலரை நிறுத்திவையுங்கள்.

அளக்கும்போது பார்க்கவேண்டிய எண்கள் இவை. முழு வேகத்தில் காபனீரொட்சைட்டு 10 முதல் 10.5 வீதம் அளவில் வருவது எல்.பி. காஸுக்கு வழமை. சரியான இலக்கு பொயிலரின் கைநூலில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டால் வகுத்தால் வரும் விகிதம் 0.004ஐத் தாண்டக்கூடாது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கலப்புக் காஸ் சிலிண்டரில் புரொப்பேன் முதலில் கூடுதலாக ஆவியாகும். சிலிண்டர் முடியும் தறுவாயில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதே துளையால் வந்தாலும் அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். புதுச் சிலிண்டரில் மட்டும் அளந்து திருத்திவிட்டுப் போனால், மூன்றாம் நாள் கலவை காஸ் கூடிப்போய்க் காபனோரொட்சைட்டு ஏறும். ஆகவே புதுச் சிலிண்டரிலும் முடியப்போகும் சிலிண்டரிலும் இரண்டு தரம் அளக்கச் சொல்லுங்கள். 30 கிலோவாற்றில் எரியும்போது மணிக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் காஸ் போகும். ஒற்றைச் சிலிண்டரால் அவ்வளவு வேகத்தில் தொடர்ந்து ஆவியாக்கிக் கொடுக்க முடியாது. சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்துக் குளிர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். இரண்டு, மூன்று சிலிண்டர்களை ஒரே நேரத்தில் ஒன்றாக இணையுங்கள். எல்லாம் வெளியே, நிழலில், கான்களுக்கும் பள்ளங்களுக்கும் தள்ளி இருக்கவேண்டும். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் பள்ளத்தில்தான் தங்கும்.

இனி உங்கள் கேள்வி. காஸ் எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கிலோ எல்.பி. காஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லீற்றர் தண்ணீர், ஆவியாகப் புகையோடு கலந்திருக்கும். சாதாரண பொயிலர் அதை அப்படியே வெளியே விட்டுவிடும். கண்டென்சிங் பொயிலர் புகையைக் குளிரவைத்து, அந்த ஆவியைப் பொயிலருக்குள்ளேயே தண்ணீராக ஒடுக்கி, அதன் மறைவெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்.பி. காஸில் இப்படிப் பிடிக்கக்கூடியது அதிகம் போனால் நூற்றுக்கு எட்டுப் பங்கு. புகையைக் குளிரவைப்பது எது? தாங்கியிலிருந்து திரும்பி வரும் தண்ணீர். அந்தத் தண்ணீர் புகையின் பனிபடுநிலைக்கு, அதாவது ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இருந்தால்தான் ஒடுக்கம் நடக்கும். எல்.பி. காஸ் புகைக்கு அது 50 பாகை அளவில். கடற்கரையில் உள்ளே போகும் காற்றே ஈரமானதால் இன்னும் மூன்று நாலு பாகை கூடி, உங்கள் இடத்தில் 54 அளவில் வரும். உங்களுக்குத் திரும்பி வருவது 68. அந்தத் தண்ணீரில் புகை ஒருநாளும் ஒடுங்காது. விலைகூடிய பொயிலர் சாதாரண பொயிலராக ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைப் புகையை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். லண்டனில் பனிக்காலக் குளிரில் பொயிலர் புகை வெளியே வந்ததும் உறைபனி மூச்சுப்போல வெள்ளையாகத் தெரியும். நமது 29 பாகை வெக்கையில், ஒழுங்காக ஒடுங்கும் பொயிலரின் புகையும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

நம்பக்கூடிய சோதனை வாளிதான். பொயிலரின் அடியில் ஒடுங்கிய நீர் வெளியேறும் பிளாஸ்ரிக் குழாய் கானில் விழும் இடத்தில் 10 லீற்றர் வாளி ஒன்றை வையுங்கள். உள்ளே இருக்கும் நீர்ப்பொறியை (தண்ணீர் நின்று புகையைத் தடுக்கும் வளைந்த கிண்ணத்தை) கழற்றவேண்டாம், அதற்குப் பிறகு வரும் குழாயின் நுனியில்தான் பிடிக்கவேண்டும். அதே நேரத்தில் சிலிண்டரை நெல் நிறுக்கும் தட்டுத் தராசில் ஏற்றி எடையைக் குறித்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடி நிறுங்கள். சேர்ந்த லீற்றரை எரிந்த கிலோவால் வகுங்கள். எரியத் தேவையானதைவிட 30 வீதம் கூடுதல் காற்றோடு, நமது கரையோர ஈரப்பதனில், புகை 35 பாகையில் வெளியேறினால் கிலோவுக்கு 1.3 லீற்றர் அளவில் வரவேண்டும். 45 பாகையில் 0.8. 50 பாகையில் 0.4. 54ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கிலோவுக்கு 0.1, 0.2 தான் வரும் என்று நினைக்கிறேன். சீமெந்தை அரித்ததும் இதுதான், ஆனால் அது தாங்கி ஆறிப்போன காலைநேரத்தில் முதல் சில நிமிடங்கள் மட்டும் ஒடுங்கிய நீர்.

வாளியில் மிகக் குறைவாக வந்தால் ஒருதரம் புகைக்குழாயையும் பாருங்கள். மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்று பயந்து மேசன்மார் அதை வெளிப்பக்கம் சரித்துவிடுவதுண்டு. அப்படியானால் ஒடுங்கிய நீர் வெளிச்சுவரில் வடிந்து கறைபடுத்தும். குழாய் பொயிலர் பக்கம் சரியவேண்டும், மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் அளவில். குழாய் ஜீ.ஐ. தகடாக, அதாவது நாகம் பூசிய இரும்பாக, இருக்கக்கூடாது. அமிலநீர் அதை விரைவில் ஓட்டையாக்கும். பொயிலரோடு வரும் பொலிபுரொப்பிலீன் குழாயே சரி.

இப்போது உங்கள் காஸ் எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்போம். 32 விருந்தினர், ஆளுக்கு நாளுக்கு இரண்டு குளிப்பு, ஒவ்வொன்றும் 40 பாகையில் 48 லீற்றர் என்று வையுங்கள். நமது கிணற்றுத் தண்ணீரே 28 பாகையில் இருப்பதால் அதில் 60 பாகைச் சுடுநீர் 18 லீற்றர்தான். 64 குளிப்புக்கு 1,150 லீற்றர். அதைச் சூடாக்க 43 கிலோவாற்று மணி. சமையலறைக்கும் சலவைக்கும் 11 சேர்த்தால் 54. இனி அந்தச் சுற்றுக்குழாய். உறை போடாத 32 மில்லிமீற்றர் பீ.பீ.ஆர். குழாயில் 55 பாகைத் தண்ணீர் ஓடினால் மீற்றருக்கு 20 வாற்று அளவில் வெப்பம் காற்றுக்குப் போகும். 120 மீற்றருக்கு 2.4 கிலோவாற்று. இரவு பகல் 24 மணித்தியாலமும். நாளுக்கு 58 கிலோவாற்று மணி.

அதாவது விருந்தினர் குளிக்கும், சமையலறை கழுவும் சுடுநீர் முழுவதையும்விடக் கூடுதலான வெப்பத்தை உங்கள் வெளிச்சுவர் தின்கிறது. தாங்கியின் சிறு இழப்பையும் சேர்த்தால் நாளுக்கு ஒன்பதரைக் கிலோ காஸ் வருகிறது. உங்கள் நாலு நாள் கணக்கு அதுதான், சிலிண்டரும் பொயிலரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே முதற்செலவு குழாய் உறைக்கு. குளிரூட்டிக் குழாய்களுக்குப் போடும் கறுப்பு நுண்துளை இறப்பர் உறை, 25 மில்லிமீற்றர் தடிப்பு, கடைகளில் கிடைக்கும். கையளவு இடைவெளிகூட விடாமல், வளைவுகள், வால்வுகள், கிளைகள் எல்லாவற்றுக்கும் போடவேண்டும். பொருத்துகளைப் பசையால் ஒட்டுங்கள், ரேப் மட்டும் சுற்றினால் அடுத்த கச்சான் காற்றில் உரிந்துவிடும். வெயில்படும் இடத்தில் அந்த இறப்பர் சில வருடங்களில் வெடித்துத் தூளாகும், மேலே அலுமினியத் தகடோ வெயில் தாங்கும் பூச்சோ கட்டாயம். இது முடிந்தால் மீற்றருக்கு 20 வாற்று 5 வாற்று அளவுக்கு இறங்கும். நாளுக்கு மூன்றரைக் கிலோ காஸ் மிஞ்சும். பொயிலர் ஒழுங்காக ஒடுங்கத் தொடங்கினால் அதற்கு மேல் மிஞ்சப்போவது அரைக் கிலோ அளவுதான். இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தகட்டில் எழுதிய வினைத்திறன் வீதத்தைப் பார்த்துப் பொயிலரை மாற்றும் பலர், ஏழுமடங்கு சேமிப்பைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

உறை போட்டபிறகு திரும்பும் தண்ணீரைக் குளிரவைக்கும் வேலை. இங்கே ஒரு முரண் இருக்கிறது. சுடுநீர்த் தாங்கியை 60 பாகையிலும் சுற்றுக்குழாய் திரும்பும் இடத்தை 50க்குக் குறையாமலும் வைத்திருக்கவேண்டும். 20க்கும் 45க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் லெஜியொனெல்லா என்ற பக்டீரியா பெருகும். ஷவரில் பறக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுக்கும் வயதானவர்களுக்கு அது கடும் நியூமோனியாவைத் தரும். அதனால் காஸ் மிஞ்சட்டும் என்று தாங்கியை 45க்குக் குறைக்கும் ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆனால் பொயிலருக்கோ குளிர்ந்த தண்ணீர் வேண்டும்.

இரண்டையும் சேர்த்துவைப்பது தாங்கியின் உயரம். சுடுநீர் மேலே மிதக்கும், 28 பாகைப் புதுத்தண்ணீர் அடியில் தங்கும், பொயிலர்த் தண்ணீர் ஓடும் வெப்பச் சுருள் இருப்பதும் அடியில்தான். அடித்தண்ணீர் குளிராக இருக்கும்வரை சுருளிலிருந்து பொயிலருக்குத் திரும்புவதும் குளிராக இருக்கும். உங்கள் தாங்கியில் சுற்றுக்குழாய் திரும்பி நுழையும் இடத்தைப் போய்ப் பாருங்கள். புதுத்தண்ணீர் வரும் குழாயோடு ரீ போட்டு அடியில் விட்டிருந்தால், ஓயாமல் ஓடும் பம் 50 பாகைத் தண்ணீரை அடியில் கலக்கி, தாங்கி முழுவதையும் ஒரே சூடாக்கிவிடும். திரும்பும் தண்ணீர் 68 ஆக இருப்பதற்கு இது முக்கிய காரணமாக இருக்கவேண்டும். அந்தக் குழாயைச் சுருளுக்கு மேலே, தாங்கியின் மூன்றில் இரண்டு உயரத்தில் உள்ள வாய்க்கு மாற்றுங்கள். பல தாங்கிகளில் அந்த வாய் அடைப்பான் போட்டபடி சும்மா இருக்கும். வேலை அரை நாள். உறை போட்ட குழாய்க்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று லீற்றர் சுற்றினால் போதும், பம்மை ஆகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். விருந்தினர் இருக்கும் காலத்தில் அதை நிறுத்தவேண்டாம். அடித்தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடந்துவிடாமல், நாளுக்கு ஒருதரம், ஆட்கள் குளிக்காத பின்னிரவில், தாங்கி முழுவதும் ஒரு மணித்தியாலம் 60ஐத் தொடும்படி நேரங்காட்டி வையுங்கள். அந்த நேரம் பொயிலர் ஒடுக்காது, அது இருக்கட்டும். அறைகளில் வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் வால்வுகள் இருப்பதை உறுதிசெய்யுங்கள், 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கும்.

பிறகு பொயிலரின் அமைப்புகள். போகும் தண்ணீரை 80இலிருந்து 70க்கு இறக்குங்கள். உச்ச வலுவை 18 கிலோவாற்றுக்கு மட்டுப்படுத்துங்கள். 500 லீற்றரை 28இலிருந்து 60க்கு ஏற்ற அதற்கு ஒரு மணித்தியாலம் சற்றுக் கூடப் போகும், பொழுதுபட எல்லோரும் கடலில் குளித்துவிட்டு ஒன்றாக ஷவருக்குள் போனாலும் சமாளிக்கும். சுருளுக்குப் போகும் பம்மின் வேகத்தைக் குறைத்து, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் இடையே 20 பாகை வித்தியாசம் வரச்செய்யுங்கள். அது நிமிடத்துக்கு 13 லீற்றர் அளவு. உங்களிடம் இப்போது இருப்பது 12 பாகை வித்தியாசம், பம் தேவைக்கு மேல் ஓடுகிறது. வெப்பமேற்றம் தொடங்கும்போது திரும்பும் தண்ணீர் 45ஐ ஒட்டி வந்து, தாங்கி சூடாகச் சூடாக ஏறும். கடைசிப் பகுதியில் ஒடுக்கம் நின்றுவிடும், அது இயல்பு.

இரவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மூளுவதன் காரணமும் இதற்குள்தான். இந்த அளவுப் பொயிலர்கள் பல 7 கிலோவாற்று அளவுக்குக் கீழே இறங்கி எரிய முடியாதவை. இரவில் சுவர் கேட்பது 2.4. மூண்டதும் சூடு கூடி அணைகிறது, கொஞ்சம் ஆறியதும் மறுபடி மூளுகிறது. தாங்கியின் தேர்மோஸ்ராற்றில் இடைவெளி 2 பாகை என்றிருந்தால் 8 ஆக்குங்கள். பொயிலர் தாங்கியின் அழைப்புக்கு மட்டும் ஓடட்டும். ஒவ்வொரு மூட்டலுக்கும் முன்னும் பின்னும் விசிறி வெளிக்காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளுகிறது. பற்றவைக்கும் முள்ளும் காஸ் வால்வும் தேய்கின்றன.

ஜெனரேற்றர் விடயம் பொயிலரின் கோளாறு அல்ல. சுவாலை எரிகிறதா என்பதைப் பொயிலர், சுவாலை வழியாக முள்ளிலிருந்து நிலத்துக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் அறிகிறது. அதற்கு நியூட்ரலும் நிலவயரும் எங்காவது இணைந்திருக்கவேண்டும். மின்சார சபை இணைப்பில் அது இருக்கிறது. சிறு ஜெனரேற்றர்கள் பலவற்றில் இல்லை. எரிந்துகொண்டிருக்கும்போதே எரியவில்லை என்று எண்ணிக் காஸை மூடிவிடுகிறது. தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு ஜெனரேற்றர் பக்கத்து நியூட்ரலை நிலத்தோடு இணைத்து, மாற்றுச் சுவிச்சையும் சரிபாருங்கள். வெளியூர் ஆட்கள் இதற்காகப் பொயிலரின் சேர்க்கிற் போட்டை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். ஐப்பசி இடிமின்னலுக்கு ஒரு மின்னல்காப்பு மட்டும் போட்டுவையுங்கள்.

சீமெந்துக் கானுக்கு வருகிறேன். ஒடுங்கிய நீரின் பி.எச். 3 முதல் 4, தேசிக்காய்ப் புளியைவிடச் சற்றுக் குறைந்த புளிப்பு. சீமெந்து, செம்பு, ஜீ.ஐ. மூன்றையும் தின்னும். நான் சொன்ன திருத்தங்களைச் செய்தால் இந்த நீர் நாளுக்கு ஐந்தாறு லீற்றராகக் கூடும், அரிப்பும் கூடும். 32 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாயில், மீற்றருக்கு 45 மில்லிமீற்றர் சரிவோடு, ஒரு மூடிபோட்ட பிளாஸ்ரிக் வாளிக்குள் விடுங்கள். வாளியில் நாலைந்து கிலோ சலவைக்கல் துண்டு. நீர் அடியில் நுழைந்து கல்லினூடாக ஏறி மேல்வாயால் ஊறுகுழிக்குப் போகட்டும். கல் வாங்கும்போது ஒரு துண்டைச் சுரண்டி, அந்த இடத்தில் வினாகிரித் துளி விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் அது கல்சியம் காபனேற்று, எடுங்கள். இலேசாக முணுமுணுத்து நின்றால் டொலமைற்று, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். கரையில் கிடக்கும் முருகைக்கல்லைப் பொறுக்கிப் போடவேண்டாம். கல்குடாக் கடலின் முருகைக்கற்கள் பட்ட அழிவு போதும், அவற்றை எடுப்பது சட்டவிரோதமும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லைக் கழுவி, பி.எச். தாள் ஒன்றை வெளியேறும் நீரில் தோய்த்து, 6.5க்குக் கீழே போனால் கல்லை மாற்றுங்கள்.

பொயிலர் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் மற்ற அவசர வேலை. தடாகத்துக்குப் போடும் குளோரின் தூளின் ஆவி பொயிலரின் எரிகாற்றோடு போனால், சுவாலையில் ஐதரோகுளோரிக் அமிலமாகி ஒடுங்கிய நீரில் சேரும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலும் அதைத் தாங்காது, ஊசிமுனைத் துளைகள் விழும். புகையின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பமாற்றி ஓட்டையானால் அதைத் திருத்துவது இல்லை, மாற்றுவதுதான். அதன் விலைக்கு ஒரு புதுப் பொயிலரே ஓரளவு வாங்கலாம். உடனே அறை மாற்ற முடியாவிட்டால் இரசாயன வாளிகளையாவது இன்றைக்கே வேறிடம் கொண்டுபோங்கள், எரிகாற்றை வெளியிலிருந்து இழுக்கும் இரட்டைக் குழாயைப் போடுங்கள். அதன் வாய் கடலைப் பார்த்திருக்கக்கூடாது. வாடைக்காற்றில் வரும் உப்புத்தூளும் அதே குளோரைட்டுத்தான். வாய் அறை யன்னல்களுக்குக் கீழேயும் வேண்டாம்.

தண்ணீர் எப்படியானது என்று நீங்கள் எழுதவில்லை. கடற்கரைக் கிணறு என்றால் மொத்தக் கடினத்தன்மையையும் குளோரைட்டையும் ஒருதரம் பரிசோதியுங்கள், கோடை முடிவில் எடுத்த தண்ணீரில். குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614 கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை விடுகிறது. ஆனால் குடிக்க ஏற்ற தண்ணீர் சுருளுக்கும் ஏற்றது என்று இல்லை, 150ஐத் தாண்டினாலே 60 பாகையில் சுண்ணாம்பு படியத் தொடங்கும். படிந்த சுருள் வெப்பத்தைக் கொடுக்காது, திரும்பும் தண்ணீர் மறுபடி சூடாகும், வாளி வற்றும். லீற்றருக்கு 50 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து வெதுவெதுப்பாகச் சுருள்மேல் ஓரிரு மணித்தியாலம் சுற்றவிட்டு நன்றாக அலசலாம். பொயிலருக்கும் சுருளுக்கும் இடையே ஓடும் மூடிய தண்ணீர் வேறு. அதற்கு ஆர்.ஓ. தண்ணீரும் நிறுவனம் சொல்லும் துருத்தடுப்பு மருந்தும் போட்டு, 1 முதல் 1.5 பார் அமுக்கத்தில் மூடிவிடுங்கள். அந்த அமுக்கம் கிழமைக்கொருதரம் குறைந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிராமல் கசிவைத் தேடுங்கள். ஒவ்வொரு புதுத் தண்ணீரும் புது ஒட்சிசன்.

வருடாந்தச் சேவையை வாடை தொடங்கி விடுதி வெறிச்சோடும் கார்த்திகை, மார்கழியில் செய்யாதீர்கள். பங்குனியில், கதவு திறக்கமுன் செய்யுங்கள். எரியறையைத் திறந்தால் அதன் இறப்பர் சீலைக் கட்டாயம் புதிதாகப் போடவேண்டும், பழையது பார்வைக்கு நன்றாக இருந்தாலும். வெப்பமாற்றியில் படிந்த சாம்பல்நிறத் தூளை நைலோன் தூரிகையால் கழுவுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம். தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியக் கோலைக் கழற்றிப் பாருங்கள், பென்சில் தடிப்புக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். புகையை மறுபடி அளந்து எண்களைப் பொயிலர் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மூடிக்கிடக்கும் விடுதிகளுக்கு நீர்ப்பொறிதான் மிக ஆபத்தான இடம். அது ஒரு சிறு வளைந்த கிண்ணம். அதில் நிற்கும் தண்ணீர்தான் புகை அறைக்குள் வராமல் தடுக்கிறது. விடுதி மாதக்கணக்கில் பூட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். சீசன் தொடங்கும் முதல் நாள் பொயிலரை மூட்டினால், வற்றிய கிண்ணத்தால் காபனோரொட்சைட்டு நேராக அறைக்குள் வரும், மணமில்லாமல். மூட்டமுன் கிண்ணத்தைக் கழற்றி, சேற்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் பூட்டவேண்டும். அதே நாள் எல்லா அறைக் குழாய்களையும் ஆட்கள் இல்லாத நேரத்தில் 60 பாகைத் தண்ணீரால் ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு அலசுங்கள்.

சோலர் பற்றி. இங்கிலாந்தில் 2005 முதல் புதுக் காஸ் பொயிலர் என்றால் கண்டென்சிங் வகைதான் என்று விதித்தது அங்குள்ள காலநிலைக்குப் பொருத்தம். ஆறேழு மாதம் வீட்டைச் சூடாக்கவேண்டும், குழாய்த் தண்ணீர் 10 பாகை. நமக்கு வீடு சூடாக்கும் தேவையே இல்லை, தண்ணீர் 28இல் தொடங்குகிறது, கூரைமேல் வெயில் கொட்டுகிறது. புதிதாகக் கட்டுபவர் கேட்டிருந்தால் சோலரையோ, ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் தரும் ஹீற் பம்மையோதான் முதலில் சொல்லியிருப்பேன். உங்களிடம் பொயிலர் இருக்கிறது. முதலில் உறை, பிறகு சுற்றுக்குழாயின் வாய், பிறகு அமைப்புகள். ஒரு சீசன் ஓடவிட்டு, சிலிண்டர் ஏழு நாள் அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள். அதன்பிறகு சோலர் போட்டால் அது இந்தத் தாங்கிக்கு முன்னே தனித் தாங்கியாக வரவேண்டும், புதுத்தண்ணீர் அதனூடாகச் சூடாகிப் பொயிலர்த் தாங்கிக்குள் போகட்டும். அப்போது வெயில் நாட்களில் வாளி காலியாக இருக்கும். பொயிலரே எரியாததால் வரும் காலி அது, பழுது என்று எண்ணவேண்டாம்.

வாளியில் சேர்ந்த லீற்றர், எரிந்த கிலோ, புகை வெப்பநிலை, காபனீரொட்சைட்டு வீதம், தகட்டில் உள்ள காஸ் குறியீடு, இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.